ஆறாம் மாதத்துக் குளிசை

காய்ச்சல் தொடங்கிய நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்தேகால். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதுகில் ஒரு குளிர் ஓடியது. சோக்கட்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். இவ்வளவு திருத்தமாக நேரத்தைச் சொல்வதற்குக் காரணம், பிறகு டொக்டர் கேட்டதும் அதைத்தான். "எப்ப தொடங்கினது?"

தைப்பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமை அது. மழை விட்டும் விடாமலும் இருந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். தாய்மார் காலையில் பனடோல் குளிசையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பத்து மணியளவில் மருந்தின் வேகம் இறங்கியதும் பிள்ளை மேசையில் தலையை வைத்துவிடும். தொட்டுப் பார்த்தால் நெருப்பாய்க் கொதிக்கும். நான் அப்போது இருபத்தாறு கிழமைக் கர்ப்பிணி. இரண்டு கிழமைக்கு அலுவலக வேலை ஏதாவது தரும்படி அதிபரிடம் கேட்டிருந்தேன். "பதிலுக்கு ஆள் இல்லை ரீச்சர், கொஞ்சம் சமாளியுங்கோ" என்றார். சமாளித்தேன். அதன் பலன் முதுகில் ஓடியது.

அன்று பின்னேரம் உரும்பிராயில் உள்ள வீட்டுக்கு வந்தபோது கை கால் எல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருந்தது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். கொத்தமல்லி அவித்துத் தந்தார். குடித்துவிட்டுப் படுத்தேன். தடிமன்தானே, மாறிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் எழும்பியபோது காய்ச்சல்மானி நூற்றிரண்டைக் காட்டியது. என் கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை. அதிகாலையிலேயே பஸ் எடுத்துப் போய்விட்டார். போன் எடுத்துச் சொன்னேன். மத்தியானத்தோடு அரைநாள் லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். வந்து சேர மூன்று மணியாயிற்று. எங்களுக்குத் தெரிந்த டொக்டர் தன் தனியார் டிஸ்பென்சரியைத் திறப்பதே ஐந்து மணிக்கு.

அதற்கிடையில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிறகு நடந்ததெல்லாம் ஒரு குளிசைக்கு இவ்வளவு கூத்தா என்றுதான் தோன்றும்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் நான் ஒரு முறை கருவுற்றிருந்தேன். அது எனக்கே தெரியாத நாட்களில் கடைவாய்ப்பல் வீங்கி, பல் டொக்டர் தந்த நோவுக் குளிசையையும் அன்ரிபயோற்றிக்கையும் ஐந்து நாள் போட்டேன். பத்தாவது கிழமையில் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர், பல்லுக்குப் போட்ட மருந்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொன்னார். அவர் அதை ஒரு முறைதான் சொன்னார். அம்மா மற்றதை நூறு முறை சொன்னார். "அந்தக் குளிசை போடாமல் இருந்திருக்கலாம்" என்று முதலில் என்னிடம், பிறகு பெரியம்மாவிடம், பிறகு போனில் லண்டனில் இருக்கும் அக்காவிடம். நான் படித்தவள், பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் சேர்த்துப் படிப்பிக்கிறவள். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இந்த முறை கரு தங்கியது தெரிந்த நாளிலிருந்து கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியத்தையும் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. தலையிடி வந்தால் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

டிஸ்பென்சரியில் எனக்கு முப்பத்தோராம் இலக்கம் கிடைத்தது. கர்ப்பிணி என்று சொல்லிக் கணவர் கெஞ்சியபடியால் பதினைந்தாவது ஆளாக உள்ளே விட்டார்கள். டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை மாதம்?"

"இருபத்தாறு கிழமை, டொக்டர்."

"காய்ச்சல் எப்ப தொடங்கினது?"

"நேற்றுக் காலமை, பத்தேகாலுக்கு."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவ்வளவு கணக்கா ஒருத்தரும் சொல்லுறேல்லை" என்றார். மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார்கள். டெங்கும் பார்க்க வேண்டும் என்று இரத்தம் எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் வெளியே வாங்கில் இருந்தோம். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது மேசையில் பரிசோதனை முடிவு எழுதிய ஒரு துண்டு இருந்தது.

"டெங்கு இல்லை. இது இன்புளுவென்சா. இதுக்கெண்டு ஒரு குளிசை இருக்கு, வைரசுக்கு. நாளுக்கு ரெண்டு, அஞ்சு நாளைக்கு. தொடங்கி ரெண்டு நாளுக்குள்ளை போட்டால்தான் கூடப் பிரயோசனம்."

"பிள்ளைக்கு ஏதும்..."

"கர்ப்பிணி ஆக்களுக்குக் குடுக்கிறதுதான். குடுக்கிறது நல்லது." நான் இன்னும் எழும்பாமல் இருப்பதைக் கண்டுவிட்டு, பேனையை மூடினார். "எழுதித் தாறன். போடுறதும் விடுறதும் உங்கடை விருப்பம்."

என்னிடம் ஏழு கேள்விகள் இருந்தன. வாங்கில் இருந்தபோது மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பல்லுக் குளிசையைப் பற்றியும் கேட்க இருந்தேன். அடுத்த ஆளுக்கு மணியடித்துவிட்டார். கைக்குழந்தையோடு ஒரு தாய் ஏற்கெனவே கதவுக்குள் நின்றாள். நான் எழும்பினேன்.

பாமசி அடுத்த ஒழுங்கையில். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் மருந்துத் துண்டை வாங்கி வாசித்தார்.

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அவருடைய பார்வை என் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. "டொக்டருக்குத் தெரியுமோ?"

"என்னை நேரிலை பாத்துத்தான் எழுதினவர்."

"தெரியுமெண்டால் சரி. ஆனால் நாங்கள் சொல்லவேணும். வயித்திலை பிள்ளையோடை இருக்கிற ஆக்கள் இதை யோசிச்சுத்தான் போடவேணும். பிறகு எங்களிட்டை வந்து கேக்கக்கூடாது."

கடையில் நின்ற ஐந்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாணிமருந்துப் போத்தலோடு நின்ற ஒரு வயதான அம்மா, "உதெல்லாம் போடாதை பிள்ளை, பனிக்காய்ச்சல் தானா மாறும்" என்றார். நான் அவரை முன்பின் கண்டதே இல்லை. என் கணவர் காசைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். ஓட்டோவில் வரும்போது இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கு இருமல். அவருக்கு என்ன என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து குசினி மேசையில் பெட்டியைத் திறந்தேன். பத்துக் குளிசைகள். கூடவே எட்டாக மடித்த ஒரு தாள். அரிசியை விடச் சின்ன எழுத்தில் ஆங்கிலம். விரித்து வெளிச்சத்தில் பிடித்துத் தேடினேன். கர்ப்பிணிகளைப் பற்றி இரண்டே வரி. வரக்கூடிய பாதிப்பை விடக் கிடைக்கும் நன்மை கூடவாக இருந்தால் மட்டும் பாவிக்கலாமாம். இரண்டையும் யார் நிறுத்துப் பார்ப்பது என்று அதில் எழுதியிருக்கவில்லை. காய்ச்சலோடு குசினியில் இருந்த நானா? அந்தத் தாளை எழுதியவர்கள் மீது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் நியாயம் என்றுதான் தோன்றுகிறது.

அம்மா தாளைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார்.

"என்ன குளிசை உது?"

"காய்ச்சலுக்கு."

"பனடோல் இல்லையே உது."

"இல்லை. டொக்டர் எழுதினது."

"அண்டைக்குப் பல்லுக்கும் டொக்டர்தானே எழுதினவர்?"

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார். இரண்டு நாள் பொறு, கொத்தமல்லியும் சுக்கும் அவித்துத் தாறன், வேர்த்துக் கொட்டினால் இறங்கிவிடும், உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது நான் ஒரு குளிசையும் போடவில்லை, உனக்கு என்ன குறை? நான் பதில் சொல்ல வாயைத் திறந்தால் இருமல் வந்தது. அம்மா அதைத் தன் பக்கத்து நியாயமாக எடுத்துக்கொண்டு இன்னும் கதைத்தார்.

லண்டனில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். "இஞ்சை டொக்டர்மார் போனிலையே சொல்லிப்போடுவாங்கள், போடச் சொல்லி. என்னோடை வேலை செய்யிற பிள்ளை எட்டாம் மாதத்திலை போட்டவள். ஒண்டும் நடக்கேல்லை" என்றாள். ஸ்பீக்கரில் அதைக் கேட்ட அம்மா, "அங்கத்தை மருந்து வேறை, இஞ்சத்தை மருந்து வேறை. நீ ரெண்டு பெத்தனி, ஒரு குளிசை போட்டனியே?" என்றார். அக்கா, "அம்மா, எனக்கு அப்ப காய்ச்சல் வரேல்லை" என்றாள். தாயும் மகளும் என் காய்ச்சலை விட்டுவிட்டு வேறு எதையோ கதைக்கத் தொடங்கினார்கள். நான் போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

கணவர் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். அவரிடம் கேட்டேன்.

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நான் என்ன சொல்ல? உம்மடை விருப்பம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "எல்லாரும் என்ரை விருப்பம், என்ரை விருப்பம் எண்டுறியள். எனக்குக் காய்ச்சல் வரக்கூடாது எண்டதுதான் விருப்பம். அதை ஆர் கேட்டது? இது உங்கடை பிள்ளையும்தானே? வேணுமெண்டால் வேணுமெண்டு சொல்லுங்கோ, வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லுங்கோ!"

அவர் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கத்தாதையும், காய்ச்சல் ஏறும்" என்றார். எழும்பிப் போய் ஈரத் துவாய் கொண்டுவந்தார். துவாயைப் போடத் தெரிந்தது. ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை. அன்று வீட்டில் இருந்தவர்களில் தன் வாயால் ஒன்றைத் திட்டமாகச் சொன்னவர் அம்மா மட்டும்தான். அதனால் அம்மாவின் மேல் இருந்த கோபத்தைவிடக் கணவர் மேல் எனக்குக் கோபம் கூடவாக இருந்தது.

புதன்கிழமை விடிந்தபோதும் காய்ச்சல் நூற்றிரண்டரையில் நின்றது. இரவு இரண்டு தரம் பனடோல் போட்டிருந்தேன். அதைப் போடக்கூட ஒரு மணி நேரம் யோசித்தேன். என்னைப் பயப்படுத்தியது காய்ச்சல் அல்ல. வழக்கமாக நான் இடப்பக்கம் சரிந்து படுத்தால் பிள்ளை விலாவில் உதைக்கும். அன்று காலை அரை மணி நேரம் படுத்திருந்தும் மெல்லிய ஒரு அசைவுதான். ஆறரைக்குக் குடும்பநல உத்தியோகத்தருக்குப் போன் எடுத்தேன். எங்கள் பகுதிக் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர். எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். எட்டு மணிக்கு முன்னமே மழைக்கோட்டோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.

வந்தவர் முதலில் குளிசையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கழுவினார், மாஸ்க்கைச் சரிசெய்தார், என்னைப் படுக்கச் சொன்னார். சிறிய குழல் போன்ற கருவியை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்து, மணிக்கூட்டைப் பார்த்தபடி கேட்டார். லீவு போட்டு வீட்டில் நின்ற கணவரும் அம்மாவும் கட்டிலடியில் நின்றார்கள்.

"துடிப்பு நல்லாயிருக்கு. ஆனால் வேகம் கொஞ்சம் கூட. உங்களுக்குக் காய்ச்சலெண்டால் அதுக்கும்தானே ரீச்சர். உள்ளுக்கை அதுவும் ஓடிக்கொண்டிருக்கு."

பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது என்ற அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. அதுவரை பிள்ளை உள்ளே பத்திரமாக இருக்கிறது, நான் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அது அப்படியே இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குளிசை போடுவது மட்டுமே ஒரு செய்கை, போடாமல் இருப்பதில் ஒன்றும் நடக்காது என்பதுபோல்.

அம்மா கேட்டார். "மிஸி, நீங்கள் சொல்லுங்கோ. உந்தக் குளிசை தேவையோ?"

"மருந்து சொல்லுற அதிகாரம் எனக்கில்லை, அம்மா. சொல்லக்கூடியவவைக் கேப்பம்" என்று போனை எடுத்தார்.

சுகாதாரப் பணிமனையின் டொக்டர் ஒரு பெண். கிளினிக்கில் மூன்று நான்கு தரம் கண்டிருக்கிறேன். கொஞ்சம் கடுகடுப்பானவர். வாகனத்தில் போய்க்கொண்டிருந்தார் போலும், ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டது. மிஸி விபரம் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்.

"டெஸ்ற் செய்து கண்டுபிடிச்சதோ?"

"ஓம், டொக்டர்" என்றேன் நான்.

"எழுதித் தந்தாச்சோ?"

"ஓம். குளிசை கையிலை இருக்கு."

"பிறகேன் இன்னும் போடேல்லை?"

"பிள்ளைக்கு ஏதும் செய்யுமோ எண்டு பயமாக் கிடக்கு டொக்டர்."

"இஞ்சை பாருங்கோ. நூற்றுக்கு நூறு எண்டு நான் எந்த மருந்துக்கும் சொல்லமாட்டன். இதைக் கனகாலமாக் கர்ப்பிணி ஆக்களுக்குக் குடுக்கினம். பிள்ளையளுக்குப் பாதிப்பு வந்ததாத் தெரியேல்லை. ஆனால் உந்தக் காய்ச்சல் நெஞ்சுக்கை இறங்கினால் என்ன செய்யும் எண்டது எனக்கு நல்லாத் தெரியும். வயிறு பெருத்த நேரம் மூச்சு கெதியா முட்டும். நான் போடச் சொல்லுறன். ஆர் கேட்டாலும் நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ. மூச்சுத் திணறினாலோ, பிள்ளையின்ரை அசைவு இதைவிடக் குறைஞ்சாலோ நேரை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, என்னைக் கேக்கத் தேவையில்லை."

போன் வைக்கப்பட்டுவிட்டது. இரண்டு நிமிடம்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் நாள் பின்னேரத்திலிருந்து நான் தேடியது இந்த ஒன்றைத்தான், ஒரு ஆள் 'நான் சொல்லுறன்' என்று சொல்வதை. அது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எட்டேகாலுக்கு வெறும் தேத்தண்ணியோடு முதல் குளிசையைப் போட்டேன். மிஸி போய்விட்டார். அம்மா குசினிக்குள் போனார். சரியாக இருபது நிமிடத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. பேசினுக்கு ஓடுவதற்குள் பாதி கையில். சத்தி எடுத்து முடித்து நிமிர்ந்தபோது அம்மா வாசலில் நின்றார்.

"பாத்தியோ? பிள்ளையே வேண்டாமெண்டு தள்ளுது."

என் வாழ்க்கையில் அம்மாவைப் பார்த்து நான் அப்படிக் கத்தியதில்லை. "பிள்ளை தள்ளேல்லை! வெறுவயித்திலை போட்டபடியால் வந்தது. எல்லாத்துக்கும் பிள்ளையை இழுக்காதேங்கோ. போன முறையும் இழுத்தீங்கள். ரெண்டு வருசமா இழுத்தீங்கள்."

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. "அந்தப் பிள்ளையை நான்தான் கொன்றனான் எண்டு நினைக்கிறியள். சொல்லுங்கோ, அப்பிடித்தானே?" என்றேன். கணவர் ஓடிவந்து என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பேசினைக் கழுவினார்.

மிஸிக்குத் திரும்பவும் போன் எடுத்தோம். "குளிசை முழுசா வந்திட்டுதோ?" என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? அம்மா கழுவிவிட்டார். அம்மாவிடம் கேட்கவும் வேண்டியிருந்தது. "ஓம். மஞ்சளா ஒண்டு கிடந்தது" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். மிஸி டொக்டரைக் கேட்டுவிட்டுத் திரும்பப் போன் எடுத்தார். சாப்பிட்டுவிட்டு இன்னொன்று போட வேண்டும் என்றார். இப்போது பெட்டியில் ஒன்று குறைந்தது. அந்த ஒன்றை வாங்கப் போன கணவரிடம் பாமசிக்காரர், "முதல் பத்துக்கும் என்ன நடந்தது?" என்று விசாரணை வைத்தாராம். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அம்மா அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு யன்னலடியில் போய் நின்றார். கஞ்சியில் உப்பில்லை. நான் சொல்லவில்லை. முழுவதும் குடித்தேன். ஒன்பதரைக்கு இரண்டாவது குளிசை. அது தங்கியது. ஒரு மணி நேரம் அசையாமல் கதிரையில் இருந்தேன், அசைந்தால் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில்.

வியாழன் பின்னேரம் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. வெள்ளி காலை பிள்ளை விலாவில் பழையபடி உதைத்தது. ஒவ்வொரு நாளும் இரண்டு குளிசை, ஒவ்வொன்றுக்கு முன்னாலும் ஒரு கோப்பை கஞ்சி. ஞாயிறோடு முடித்தேன். இருமல் மட்டும் மூன்று கிழமை நின்றது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்த கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. என்னிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும். அதே டிஸ்பென்சரி டொக்டரிடம் கூட்டிப்போனோம். நெஞ்சு துப்பரவாக இருக்கிறது, பனடோலும் தண்ணீரும் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாலாம் நாள் அம்மா எழும்பித் தலைக்குக் குளித்து, முற்றம் கூட்டினார். கூட்டிக்கொண்டே சொன்னார்.

"பாத்தியோ பிள்ளை. எனக்குக் குளிசை இல்லாமலே மாறீட்டுது."

விளக்குமாறைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. நீங்கள் கர்ப்பிணியா, உங்களுக்கு நூற்றிரண்டரை வந்ததா, உங்கள் நெஞ்சுக்கு மேல் ஆறு மாதப் பிள்ளையின் பாரம் இருந்ததா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிரயோசனம் இல்லை. ஏனென்றால் எனக்கே தெரியாது. குளிசை போடாமல் விட்டிருந்தால் அதே வியாழன் பின்னேரம் அதே மாதிரி இறங்கியிருக்குமோ? ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் குழாயோடு கிடந்திருப்பேனோ? அதை யாரும் எனக்கு ஒருபோதும் சொல்ல முடியாது. இன்னொரு முறை அதே புதன்கிழமைக்குப் போய்ப் போடாமல் இருந்து பார்க்க வழியில்லை.

அடுத்த கிளினிக்கில் அந்தப் பெண் டொக்டரைக் கண்டபோது இரண்டு வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். பல்லுக் குளிசையைப் பற்றி. அவர் என் கார்ட்டில் எழுதுவதை நிற்பாட்டினார்.

"அதாலை இல்லை. பத்தாம் கிழமையிலை அப்பிடி நடக்கிறது கனபேருக்கு நடக்கிறதுதான். கூடுதலாக் கருவிலையே ஏதும் பிழை இருக்கும். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை. நான் நம்பேல்லை."

"இப்ப?"

"நம்பப் பாக்கிறன்."

அவர் சிரிக்கவில்லை. "அடுத்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அம்மா வரவில்லை. முழங்கால் நோ என்றார்.

சித்திரைக் கடைசியில், வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், மகள் பிறந்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம். பிறந்த உடனே கத்தினாள். வார்டுக்கு வந்த அம்மா துணியை விலக்கி விரல்களை எண்ணினார். காதுகளை மடித்துப் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்தார். எல்லாம் இருந்தது. ஆறுதலாக மூச்சு விடுவார் என்று நினைத்தேன். இடது கண் இமையில் ஒரு சின்னச் சிவப்பு அடையாளம் இருந்தது. பிறக்கிற பிள்ளைகளில் பலருக்கு இருப்பது, போய்விடும் என்று தாதி சொன்னார். அம்மா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு அம்மாவின் வாயில் ஒவ்வொன்றாக வந்தது. பல் முளைக்கப் பிந்தினால் அந்தக் குளிசை. தோலில் பரு போட்டால் அந்தக் குளிசை. ஒருநாள் பிள்ளை தொடர்ந்து ஏழு தும்மல் தும்மினாள், அதற்கும் அந்தக் குளிசை. கண் இமைச் சிவப்பு எட்டாம் மாதமளவில் தானாகப் போய்விட்டது. அதற்கு மட்டும் எவரும் எந்தக் காரணமும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் பிள்ளையை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஏனோ அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"அண்டைக்கு உண்மையிலை நீங்கள் என்ன நினைச்சனீங்கள்? போடவேணுமெண்டோ, வேண்டாமெண்டோ?"

நகவெட்டியை நிற்பாட்டிவிட்டு யோசித்தார். "போடவேணுமெண்டுதான். டொக்டர் சொன்ன உடனையே நினைச்சனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"ஏதும் பிழைச்சால் என்னைச் சொல்லுவீர் எண்டு."

"எனக்குப் பிழைச்சிருந்தால்?"

அவர் பிள்ளையின் சுண்டுவிரலைப் பிடித்தபடி இருந்தார். அந்தக் காய்ச்சல் நாளில் வந்ததை விட எனக்கு அப்போது கோபம் கூடவாக வந்தது. சொல்லத் தெரியாத ஆள் என்று இவ்வளவு நாளும் மன்னித்து வைத்திருந்தேன். தெரிந்துதான் இருந்திருக்கிறார். ஒரு சொல்லைச் சட்டைப் பையில் குளிசைப் பெட்டியோடு வைத்துக்கொண்டு ஓட்டோவில் என் பக்கத்தில் இருந்து வந்திருக்கிறார். அன்று முழுவதும் நான் அவரோடு கதைக்கவில்லை. திங்கட்கிழமையும் கதைக்கவில்லை.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு நானும் கணவரும் பிள்ளையுமாகப் போனோம். ஊசி போட்டபின் காய்ச்சல் வரலாம், வந்தால் பரசிற்றமோல் பாணி கொடுங்கள் என்று தாதி அளவைச் சொல்லி விட்டார். சில நாட்கள் கழித்துப் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே சொல்வது கேட்டது. "தம்பி, உந்தப் பாணி இப்பவே குடுக்கவேணுமோ? கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே."

"குடுக்கத்தான் வேணும் மாமி. நான் குடுக்கிறன்."

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது பாதி மருந்து பிள்ளையின் சட்டையிலும் மிச்சம் கணவரின் கையிலும் இருந்தது. எவ்வளவு உள்ளே போனது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். போனை எடுத்து மிஸியைக் கேளுங்கோ என்றேன். அவரே எடுத்துக் கேட்டார்.